பாக்ஸ் பிரிச்சாச்சு என்றால் பணம் திரும்பாதா?

பாகலூர்க்காரர்களுக்கு டிவி, ஃப்ரிட்ஜ் வாங்க இரண்டு திசை உண்டு. ஒன்று ஓசூர். இன்னொன்று எல்லையைத் தாண்டி சர்ஜாபூர், அத்திப்பள்ளி, அதற்கும் அப்பால் பெங்களூர். எந்தப் பக்கம் ஆஃபர் என்று காதில் விழுகிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீஸில் தமிழ் என்று ஒரே நாளில் மூன்றும் பேசுகிற ஊர் இது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. எல்லை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குப் பெரும்பாலும் நினைவில் இருக்காது.

வாங்கிய பொருளில் தகராறு வந்தால்தான் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும். "கடை கர்நாடகாவுல இருக்கு, நாம தமிழ்நாட்டுல இருக்கோம், எங்க போய்க் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காசைக் கைகழுவியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பேரிகையில் இருக்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக எழுதுவது. என் மாமாவின் டிவி விஷயத்தில் அலைந்தபோது நான் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே வைக்கிறேன்.

மாமாவுக்குப் பசுமைக்குடிலில் ரோஜா. ஓசூர் பக்கத்து ரோஜா விவசாயிகளுக்கு வருஷத்தில் பெரிய காசு பார்க்கிற நேரம் பிப்ரவரி, காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்கள். அந்தக் காசில் 2025 ஐபிஎல் நேரத்தில் அவர் 43 அங்குல டிவி ஒன்று வாங்கினார். அவர் வீட்டுக்கு முதலில் வந்த டிவி, 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி. அப்புறம் ஒரு பழைய 32 அங்குலம். இந்த முறை நல்லதாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று மகள் சொன்னாள், இவரும் சரி என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

விற்பனைப் பையன் நன்றாகப் பேசியிருக்கிறான். "இது 4கே செட்டுண்ணா. யூடியூப்ல 4கே வீடியோ போட்டுப் பாருங்க, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்." போவதற்கு இரண்டு நாள் முன்பே அவன் மாமாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படமும் அனுப்பியிருந்தான். டிவியின் படம், விலை, மேலே "43 இன்ச் 4கே ஸ்மார்ட்" என்ற எழுத்து. அந்தப் படம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

டிவி வந்தது, சுவரில் மாட்டினார்கள். மாமா மகள் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். 1080 என்று காட்டியது. செட்டின் பின்னால் ஒட்டியிருந்த மாடல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் தேடினாள். ஃபுல் எச்டி என்று அவர்களே போட்டிருந்தார்கள். டிவியில் ஒரு குறையும் இல்லை. படம் வருகிறது, சத்தம் வருகிறது, ரிமோட் வேலை செய்கிறது. ஆனால் விற்கும்போது சொன்ன டிவி அது இல்லை.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி, மொத்தம் சுமார் 20.7 லட்சம். 4கே திரையில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். சரியாக நான்கு மடங்கு. விலையும் அதற்கேற்ப ஏறும். பையன் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. 4கே வீடியோவைப் போட்டால் இந்த டிவி அதை வாங்கிக்கொள்ளும், சுருக்கித் தன் திரை அளவுக்குக் காட்டும். "4கே சப்போர்ட்", "4கே ஓடும்" என்று கடைகளில் சொல்வது இதைத்தான். திரை 4கே என்று அதற்குப் பொருள் இல்லை. வாங்குகிறவர் காதில் விழுவது மட்டும் "4கே".

இதைப் போல இன்னும் சில உண்டு. ஸ்மார்ட் டிவி என்பார்கள்; உள்ளே கூகுளின் சான்று பெறாத ஆண்ட்ராய்டு இருக்கும், நமக்கு வேண்டிய ஆப் சரியாக ஓடாது. மூன்று வருட வாரண்டி என்பார்கள். ஒரு வருடம்தான் கம்பெனி கொடுப்பது, மிச்சம் இரண்டு வருடம் வேறு ஒரு நிறுவனத்தின் திட்டம், அதற்கான காசையும் நம் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். திரையின் ஹெர்ட்ஸ் கணக்கிலும் இந்த வேலை நடக்கும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் "எஃபெக்டிவ் 120 ஹெர்ட்ஸ்" என்று போட்டு விற்றது ஏமாற்று என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் 30 லட்சம் டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. 2009இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், பின்னொளிக்கு மட்டும் எல்இடி வைத்துவிட்டு எல்இடி டிவி என்று சாம்சங் செய்த விளம்பரம் பார்ப்பவர்களைத் தவறாக எண்ண வைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, இது எல்லை ஓரத்துக் கடைகளின் பழக்கம் மட்டும் இல்லை.

மாமா அந்த வாரமே கடைக்கு போன் செய்தார். வந்த பதில்: "கம்பெனி டோல் ஃப்ரீ நம்பருக்கு கம்ப்ளைன்ட் பண்ணுங்கண்ணா, இன்ஜினியர் வந்து பார்ப்பார்."

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். கடைக்காரர் நம் புகாரை ரிப்பேர் புகாராக மாற்றிவிடுகிறார். இன்ஜினியர் வருவார், செட்டைப் போட்டுப் பார்ப்பார், "செட் ஓகே" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அப்புறம் எங்கே போனாலும் அந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள். நாம் கேட்டது டிவி கெட்டுப்போச்சு என்றா? இல்லை. சொன்ன பொருளைக் கொடுக்கவில்லை என்று கேட்டோம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர். தயாரித்தவர் தன் தளத்தில் ஃபுல் எச்டி என்று நேர்மையாகவே போட்டிருக்கிறார்; அவர் மேல் என்ன குற்றம்?

மாமா வீட்டுக்கு ஓசூரிலிருந்து வந்த டெக்னீசியன் நல்ல மனிதர். "செட்டுல ஃபால்ட் எதுவும் இல்லீங்க" என்றார். "சரிங்கண்ணா, அதை எழுதுங்க. கூடவே மாடல் நம்பரும், பேனல் எத்தனை ரெசல்யூஷன்ங்கிறதும் எழுதிக் குடுங்க" என்று கேட்டேன். அவர் ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்: பேனல் 1920க்கு 1080. கடைக்கு உதவ வந்த காகிதம் எங்களுக்கு முதல் சாட்சி ஆனது. இன்ஜினியர் வருவதை மறுக்காதீர்கள், ஆனால் அவர் கையால் எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள்.

மாமாவும் நானும் கடைக்குப் போனோம். மேனேஜர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணா, பாக்ஸ் பிரிச்சாச்சு. இன்ஸ்டலேஷன் ஆயிடுச்சு. இனிமே இது செகண்ட்ஸ். எப்படி ரிட்டர்ன் எடுக்கறது?" பில்லைத் திருப்பிக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. வேண்டுமானால் இதைப் பழைய செட் விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், மேலே காசு போட்டு 4கே மாடல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திரும்பி வரும் வழியில் மாமா, "விடு மாப்ள, படம் தெரியுதில்ல, போகட்டும்" என்றார். நான் பேசவில்லை. கொஞ்ச தூரம் வந்ததும் அவரே ஆரம்பித்தார்: "தாஜ்மஹால் ரோஸ்னு சொல்லி வேற ரகத்தைக் கட்டி அனுப்பினா, பூ நல்லாத்தானே இருக்குன்னு வியாபாரி எடுத்துக்குவானா? லோடைத் திருப்பி அனுப்பிடுவான்." அவர் சொன்னதற்கு மேல் இதை யாரும் விளக்க முடியாது. சட்டமும் அதையேதான் சொல்கிறது.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு: வர்ணனை சொல்லி விற்றால், பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் அமலில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைபாடு என்றால் என்ன என்று அதன் 2ஆம் பிரிவில் விளக்கம் இருக்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் குறைபாடு. அதோடு, விற்பவர் எந்த விதத்தில் ஆனாலும் சரி, இப்படி இருக்கும் என்று சொல்லிய தரம் இல்லாவிட்டாலும் குறைபாடு. எந்த விதத்தில் ஆனாலும் என்பதில் வாயால் சொன்னதும் வரும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் வரும், கடை வாசலில் தொங்கிய பேனரும் வரும். ஆக மாமாவின் டிவி, நன்றாக ஓடினாலும், சட்டத்தின் கண்ணில் குறைபாடு உள்ள டிவி. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

அதே 2ஆம் பிரிவில் நேர்மையற்ற வணிக முறைகளின் பட்டியலும் இருக்கிறது. பொருள் குறிப்பிட்ட தரம், ரகம், மாடல் என்று பொய்யாகக் காட்டி விற்பது அதில் வருகிறது. குறைபாடு உள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் வருகிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாமல் இருந்தால் 30 நாள் கெடு. பில்லின் அடியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது இந்தச் சட்டத்துக்கு மேலே போகாது. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020 மின்வணிக விதிகள் இதை இன்னும் நேராகச் சொல்கின்றன: விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாங்கிவிட்டு மனசு மாறினால் கடைக்காரர் பணம் தர வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதற்கு 14 நாள் அப்படி ஓர் உரிமை உண்டு. சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணம் வாங்கும் உரிமையும் 2015 சட்டப்படி உண்டு. இங்கே நிறம் பிடிக்கவில்லை, அளவு பெரிதாகிவிட்டது என்று போய் நின்றால் அது கடைக்காரரின் தயவு. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் அங்கே தயவுக்கு வேலையே இல்லை.

இனி எல்லை விஷயம். பாகலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி இதுதான்.

1986 நுகர்வோர் சட்டத்தில் வழக்கை எங்கே போடலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. எதிர்த்தரப்பு இருக்கும் இடம், அல்லது பிரச்சினை நடந்த இடம். அதையும் 2009இல் சோனிக் சர்ஜிக்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுக்கிவிட்டது. அம்பாலாவில் கிடங்கு தீப்பிடித்த நிறுவனம், இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை சண்டிகரில் இருக்கிறது என்று அங்கே வழக்குப் போட்டது. கிளை இருந்தால் மட்டும் போதாது, பிரச்சினைக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கணக்குப்படி எல்லை தாண்டி வாங்கிய டிவிக்கு எல்லை தாண்டித்தான் போக வேண்டும். "எங்க போய்க் கேக்கறது" என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னதற்கு அன்றைக்கு நியாயம் இருந்தது.

2020 ஜூலை 20 முதல் அந்த நிலை இல்லை. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள். புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ, சொந்தமாக வேலை பார்த்துச் சம்பாதிக்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். கடை பெங்களூரில் இருக்கட்டும், மும்பையில் இருக்கட்டும். பாகலூரில் வீடு இருந்தால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். கடை இருக்கும் பக்கமே போட வேண்டும் என்றாலும் போடலாம். தேர்வு நம் கையில்.

"கிருஷ்ணகிரி ஓசூரிலிருந்தே 50 கிலோமீட்டர், பெங்களூர் அதைவிடப் பக்கமாச்சே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தூரம் உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் தீர்ப்பு வந்தால், அதை எதிர்த்துக் கடைக்காரர் மேல்முறையீடு செய்ய வேண்டியது தமிழ்நாடு மாநில ஆணையத்தில். 45 நாளுக்குள் போக வேண்டும். தீர்ப்பில் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு டிவிக்காக எந்தக் கடைக்காரரும் இத்தனை பாடு பட விரும்ப மாட்டார். அலைச்சலைக் காட்டி நம்மைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த அலைச்சல் அவர்கள் பக்கம்.

கடை எந்த மாநிலத்துக் கணக்கில் விற்றது என்று பார்க்க ஒரு சின்ன வழி: பில்லில் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. எதிர்த்தரப்பின் சரியான பெயர், விலாசம் எழுத அந்த எண் உதவும். கடை போர்டில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர் இருப்பது சகஜம். பில்லில் இருக்கும் பெயரை விட்டுவிடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தோம். தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை. புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கடை "இன்ஜினியர் ரிப்போர்ட் ஓகே" என்று பதில் கொடுத்தது, புகார் முடித்துவைக்கப்பட்டது. இதிலும் ஒரு பயன் இருந்தது. 4கே என்று சொல்லவே இல்லை என்று கடை அந்தப் பதிலில் மறுக்கவில்லை. அதை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு கடிதம். வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை, நாமே எழுதலாம். எந்தத் தேதியில் என்ன சொல்லி விற்றீர்கள், என்ன கொடுத்தீர்கள், எங்களிடம் என்னென்ன ஆதாரம் இருக்கிறது, எந்தப் பிரிவுப்படி பணம் கேட்கிறோம், இத்தனை நாளுக்குள் தராவிட்டால் கிருஷ்ணகிரி ஆணையத்துக்குப் போவோம். ஒரு பக்கம் போதும். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கேட்டு வாங்குங்கள். அதே கடிதத்தை ஈமெயிலிலும் அனுப்புங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் போன் செய்தார். அதற்குள் செப்டம்பர் 22 வந்துவிட்டது. அன்று முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. "அண்ணா, இப்ப அந்த செட் விலையே குறைஞ்சிருச்சு. இன்னைக்கு ரேட்டுல வேணா தர்றோம். அன்னைக்கு கட்டின டாக்ஸ் கவர்மென்ட்டுக்குப் போயிருச்சு, அதை எப்படி வாங்கறது?" என்றார். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். இரண்டும் சரியில்லை. ஆணையம் உத்தரவிடுவது நுகர்வோர் கொடுத்த விலையைத் திருப்பித் தரச் சொல்லித்தான், இன்றைய சந்தை விலையை அல்ல. 39ஆம் பிரிவைப் பாருங்கள். வட்டியும் சேர்த்துத் தரச் சொல்லலாம், இழப்பீடும் தரச் சொல்லலாம். வரியைப் பொறுத்தவரை, திரும்பி வந்த சரக்குக்குக் கடைக்காரர் கிரெடிட் நோட் போட்டுத் தன் வரிக் கணக்கைக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரமும் இருக்கிறது. வரி போய்விட்டது என்பது நம் தலையில் கட்டக்கூடிய கணக்கு இல்லை.

மாமா அன்றைக்கு உறுதியாக இருந்தார். "நான் குடுத்த காசு வேணும். உங்க டிவியை வந்து எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். அதுவரை விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஆயுத பூஜை முடிந்து மனு போட்டோம். 2025 ஜனவரி 1 முதல் நுகர்வோர் வழக்குகளுக்கு இ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது, அதற்கு முன் இ-தாக்கில் இருந்தது. வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கலாம், நாம் வீட்டுக்கு வாங்குகிற டிவி எல்லாம் அதற்குள்தான் வரும். வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம். கேட்டால் காணொலி வழியாக விசாரணைக்கு வரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனுவோடு பிரமாணப் பத்திரம், பில், வாட்ஸ்அப் படம், தயாரிப்பாளர் தளத்தின் அச்சுப் பிரதி, ஜாப் ஷீட், 1915 பதில், கடிதம், ஸ்பீட் போஸ்ட் ரசீது எல்லாம் வைத்தோம். வாட்ஸ்அப் போன்ற மின்னணு ஆதாரத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்தோம். போனில் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருப்பது ரொம்ப முக்கியம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

இந்த வழக்கில் டிவியை ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையே இல்லை. திரையின் புள்ளிக் கணக்கைத் தயாரிப்பாளரே சொல்லிவிட்டார். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் கடைக்காரர் பதில் மனு போடும் கெடுவை மட்டும் இழுக்க முடியாது. 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். 2020 மார்ச்சில் ஹில்லி குளிர்பதனக் கிடங்கு வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க ஆணையங்களுக்கு அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டது.

ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் கடையின் குரல் மாறியது. மேனேஜருக்கு மேலே இருந்தவர் பேசினார். முழுத் தொகையும், கடிதச் செலவு, போக்குவரத்துச் செலவும் தருகிறோம், மனுவை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மாமா ஒத்துக்கொண்டார். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் டிவியைக் கொடுத்தோம். சமரசம் ஆனதை எழுத்தில் ஆணையத்தில் வைத்தோம். வாய்ப்பேச்சில் மனுவைத் திரும்பப் பெறாதீர்கள்; உத்தரவாகப் பதிவானால், பின்னால் கடை பேச்சு மாறினாலும் அதை நிறைவேற்ற வைக்க வழி இருக்கும். உத்தரவை மதிக்காதவருக்கு 72ஆம் பிரிவுப்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. தகராறு நடக்கிறதே என்று தவணையை நிறுத்தாதீர்கள், சிபில் கெடும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வட்டியே இல்லாத தவணை என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது, வட்டி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. டார்கெட்டுக்காக ஓடுகிற பிள்ளை, அவனுக்கே 4கே சப்போர்ட்டுக்கும் 4கே பேனலுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கோபம் மேனேஜர் மேல்தான். வாட்ஸ்அப் படத்தை அவர் முதல் நாளே பார்த்தார். தப்பு எங்கே என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், ஒரு விவசாயி எத்தனை தடவை தோட்டத்தை விட்டுவிட்டு வந்து நிற்பான் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு பொய்யாக வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.

பாகலூர், பேரிகை, ஓசூர் பக்கத்து நண்பர்களே, வீட்டில் இருக்கும் டிவி பில்லை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, விற்கும்போது சொன்னதோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பிறகு 1915க்கு அழையுங்கள், அதற்கும் வழிக்கு வராவிட்டால் கிருஷ்ணகிரிக்கு மனு போடுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரைதான் மனு போடலாம். கெடு தாண்டிவிட்டால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால்தான் ஆணையம் எடுத்துக்கொள்ளும்.